கற்சிலைமடுக் கல் சொல்லாத செய்தி



வன்னியிலிருந்து ஒரு தாயார் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். பண்டாரவன்னியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரும்படி பாடசாலையில் பணித்திருக்கிறார்கள். பையன் தன் அப்பப்பாவைக் கேட்டு, ‘பண்டாரவன்னியன் 1811ஆம் ஆண்டளவில் பனங்காமத்தில் இறந்தான்’ என்று எழுதிக் கொண்டுபோனான். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டி, ‘1803 ஒக்டோபர் 31, கற்சிலைமடு’ என்று திருத்தி, இரண்டு புள்ளிகளையும் குறைத்துவிட்டாராம். வேறொரு பாடசாலையில் படிக்கும் பையனின் மச்சாளோ, ‘ஆகஸ்ட் 25இல் வீரமரணம் எய்தினான்’ என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். “சுவாமி, ஒரு மனிதன் மூன்று தரம் சாகலாமா? நான் எதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க?” என்று முடிகிறது கடிதம்.

நியாயமான கேள்வி. இரண்டு புள்ளிகள் போனது பெரிய காரியமன்று. ஆனால் அப்பப்பா சொன்னது பொய் என்று ஒரு பிள்ளை எண்ணிக் கொள்வது பெரிய காரியம். ஆகவே இவ்வாரம் இப்பகுதியில் இந்த ஒரு கேள்வியையே எடுத்துக் கொள்வோம். விடையை உடனே சொல்லிவிடலாம். ஆனால் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் கொடுத்தால், அதுவும் இன்னொரு சிவப்பு மையாகத்தான் இருக்கும்.

வன்னியன் என்பவன் யார்?

நம் பள்ளிக்கூட மேடைகளில் பண்டாரவன்னியனுக்கு வெல்வெட் அங்கியும் ஜிகினாக் கிரீடமும் அணிவித்து, சிங்காசனத்தில் அமர்த்துகிறோம். பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆயினும் வன்னியர் முடிசூடிய பேரரசர் அல்லர். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே பரந்து கிடக்கும் காட்டையும் குளத்தையும் வயலையும் பற்றுப் பற்றாகப் பிரித்து ஆண்ட தலைவர்கள் அவர்கள். பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, தென்னமரவாடி என்பன அப்பற்றுகளின் பெயர்கள். அவர்கள் ஆட்சிக்கு வன்னிமை என்று பெயர். மேலே ஓர் அரசன் இருப்பான். அவனுக்குத் திறை கொடுப்பார்கள். அவன் வலிமை குன்றினால் திறையும் குன்றும். இந்த நாட்டுக்குப் பழைய நூல்கள் இட்ட பெயரே ‘அடங்காப்பற்று’ என்பது. யார் வைத்த பெயரோ, பொருத்தமாய்த்தான் வைத்திருக்கிறார்கள்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபோது வன்னியரின் திறை அவர்களுக்குப் போயிற்று. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபின் அது ஒல்லாந்தருக்குப் போயிற்று. திறை எது? பணமன்று, நெல்லுமன்று, யானை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை வடக்கே ஓட்டிச் சென்று, கடல்நீரேரியின் ஆழங்குறைந்த இடத்தில் இறக்கி அக்கரை சேர்ப்பார்கள். ஆனையிறவு என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயரில் அந்த யானைகள் இன்னும் நடந்து கொண்டிருக்கின்றன. அங்கிருந்து யானைகள் ஊர்காவற்றுறைக்குப் போய்க் கப்பலேறி, வங்காளத்துக்கும் கோல்கொண்டாவுக்கும் விலையாகும். ஒல்லாந்தரின் கணக்கில் வன்னியர் எல்லோரும் சேர்ந்து ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியவை நாற்பதுக்கு மேற்பட்ட யானைகள். கொடுத்தார்களா என்பது வேறு கதை. நிலுவை ஏறிக்கொண்டே போகிறது என்ற புலம்பலை ஒல்லாந்த அதிகாரிகளின் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் காணலாம்.

1697ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி சுவார்டக்குறோன் தமக்குப்பின் வருவோருக்காக ஒரு நீண்ட குறிப்பு எழுதிவைத்தார். அதில் பனங்காமத்து வன்னியரின் பெயர்கள் வருகின்றன: தொன் பிலிப்பு நல்லமாப்பாணன், தொன் கஸ்பார் இலங்கைநாராயண மாப்பாணன். நம் வாசகர்கள் இப்பெயர்களைக் கண்டு சற்று நிமிர்ந்து உட்காரக்கூடும். போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானப் பெயர்கள், ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தை ஒடுக்கிய காலத்திலும் வன்னித் தலைவர்களுடைய பெயர்களில் ஒட்டிக் கொண்டிருந்திருக்கின்றன. அவர்களுடைய விசுவாசத்தின் ஆழத்தை அளக்க எம்மிடம் கோல் கிடையாது. ‘தொன்’ பட்டத்துக்காகவும் ஒருவன் தண்ணீர் வார்ப்பித்திருக்கலாம். ஆனால் ஒன்று மெய். ஒல்லாந்தரின் கை முழுதாய் நீளாத காடு இது. மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தேவமாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் ஓடி ஒளித்த வரலாற்றை நாம் ஆண்டுதோறும் ஆடித் திருநாளில் நினைக்கிறோம். அந்தக் காடு ஏன் ஒளிப்பிடமாயிற்று என்பதை நினைப்பதில்லை.

இந்தப் பாதி அடக்கமும் பாதி அடங்காமையும் நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தன. பின்னர் ஒல்லாந்தரின் பொறுமை தீர்ந்தது. 1782இல் படை அனுப்பி வன்னியை நேரடியாகத் தங்கள் கீழ்க் கொண்டுவந்தார்கள். எதிர்த்துப் போராடியவர்களில் பெண்களும் இருந்தார்கள். மரியா செம்பத்தை என்று அவர்கள் எழுதிவைத்த ஒரு வன்னிச்சியைப் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்ததாகப் பழைய ஆங்கில நூல்கள் கூறுகின்றன. தோமஸ் நாகல் என்ற அதிகாரி வன்னியின் நிருவாகத்தை ஏற்றார். 1793இல் அவர் எழுதிய வன்னி அறிக்கை இன்றும் ஆராய்ச்சியாளருக்கு உதவுகிறது.

ஆக, பண்டாரவன்னியன் நம் கண்ணுக்குத் தெரியும்போது வன்னிமை ஏற்கெனவே ஒருமுறை முறிந்த கிளை. இதை மறந்துவிட்டு அவனுடைய கதையைச் சொல்லக்கூடாது. தழைத்து நின்ற இராச்சியத்தைக் காத்தவன் அல்லன் அவன். போய்விட்டதை மீட்கப் புறப்பட்டவன்.

1803ஆம் ஆண்டு

1795இலும் 1796இலுமாக ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. நாட்டின் நடுவே கண்டி இராச்சியம் மட்டும் தனித்து நின்றது. அங்கே ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அரசன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். 1803 பெப்ரவரியில் தேசாதிபதி நோர்த்தின் படைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டுக் கண்டி நகருக்குள் நுழைந்தன. அரசன் நகரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் போய்விட்டான். ஆங்கிலேயர் முத்துசாமி என்பவனை அரசனாக்கிவிட்டு, ஒரு காவற்படையையும் அங்கே விட்டுப் போனார்கள். காய்ச்சல் அந்தப் படையைத் தின்றது. யூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தார். அவருடைய படையினர் மாவலி ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள். முத்துசாமியும் உயிர் தப்பவில்லை.

இந்தச் செய்தி பரவியதும் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயக் கோட்டைகள் மீது தாக்குதல்கள் எழுந்தன. மேற்கே ஹங்வெல வரை கண்டிப் படை வந்தது. வடக்கே வன்னியில் அந்த நேரத்தைக் கண்டு எழுந்தவன்தான் பண்டாரவன்னியன்.

1803 ஆகஸ்ட் 25. முல்லைத்தீவில் ஒல்லாந்தர் விட்டுப்போன சிறு கோட்டையில் ஆங்கிலேயக் காவற்படை ஒன்று இருந்தது. அதன் தலைவர் கப்டன் வொன் டிறிபேர்க். பண்டாரவன்னியனும் அவனுக்குத் துணையாக வந்த கண்டியரும் கோட்டையைத் தாக்கினார்கள். எதிர்த்து நிற்க முடியாமல் டிறிபேர்க் தம் ஆட்களுடன் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார். கோட்டை வன்னியன் வசமாயிற்று. வெற்றி அங்கே நிற்கவில்லை. அவனுடைய ஆட்கள் வடபகுதி முழுவதையும் கடந்து ஆனையிறவு வரை முன்னேறினார்கள் என்று ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசற்படி அது.

ஆகவே, மச்சாளின் விடையை இங்கேயே தீர்த்துவிடலாம். ஆகஸ்ட் 25 பண்டாரவன்னியன் இறந்த நாள் அன்று. அவன் வென்ற நாள். ஆண்டுதோறும் அந்நாளில் மாலை போட்டு விளக்கேற்றுவதைக் காணும் பிள்ளைகள், மாலையும் விளக்கும் இறந்த நாளுக்கே உரியவை என்று எண்ணி மயங்குவது இயல்பு. பிழை பிள்ளையுடையதன்று. வெற்றியைக்கூடத் துக்க முகத்தோடுதான் கொண்டாடத் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்ட பெரியவர்களாகிய நம்முடையது.

அப்புறம் ஆங்கிலேயர் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்ற மூன்று திசைகளிலிருந்தும் படைப்பிரிவுகள் வன்னிக்குள் நகர்ந்தன. ஒக்டோபர் 31ஆம் நாள், முன்பு முல்லைத்தீவிலிருந்து படகேறிய அதே டிறிபேர்க், எதிர்பாராத வேளையில் வன்னியனின் படைமேல் விழுந்து அதைச் சிதறடித்தார். இடம்: ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடு.

இந்த டிறிபேர்க்கின் பெயரை ஒரு கணம் நிறுத்திப் பார்ப்போம். ‘வொன்’ என்பது ஜேர்மன் பிரபு குலத்தாரின் பெயருக்கு முன்னே வரும் சொல். நம் நாட்டில் பெயருக்கு முன் ‘முதலியார்’ போட்டது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த நாளைய ஜேர்மன் தேசமும் வன்னியைப் போலத்தான் இருந்தது. மேலே ஒரு சக்கரவர்த்தி. கீழே நூற்றுக்கணக்கான கோமான்கள், பிரபுக்கள், தன்னாட்சி நகரங்கள். கொலோன், மைன்ஸ் போன்ற இடங்களில் மேற்றிராணிமாரே நாட்டையும் ஆண்டார்கள். ஒவ்வொருவனும் தன் பற்றுக்குத் தானே அரசன். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஒழித்துப் பெரிய நாடுகளுடன் சேர்க்கும் தீர்மானம் நெப்போலியனின் நெருக்குதலால் ரேகன்ஸ்பூர்க் நகரில் நிறைவேறியது. எந்த ஆண்டில் தெரியுமா? அதே 1803இல், பெப்ரவரி 25ஆம் நாள். மேற்றிராணிமாரின் நாடுகளும் அத்தோடு போயின. சிற்றரசுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது, அங்கும் இங்கும். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே நாடிழந்த பிரபுக்களுக்கு ஈட்டுப்பணம் கொடுத்தார்கள். பட்டப்பெயரையும் விட்டு வைத்தார்கள்.

கல்லின் சாட்சி

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. உள்நாட்டு யுத்தம் முடிந்தபின் 2010ஆம் ஆண்டில் அக்கல் உடைக்கப்பட்டுவிட்டது. எனினும் அதிலிருந்த ஆங்கில எழுத்துக்கள் புகைப்படங்களிலும் நூல்களிலும் இருக்கின்றன. ஆசிரியர் சிவப்பு மையால் எழுதிய நாளுக்கு ஆதாரம் இந்தக் கல்தான். ஆகவே அது என்ன சொல்கிறது என்று எழுத்தெழுத்தாய் வாசிப்போம். இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803 - அவ்வளவே.

‘தோற்கடித்தார்’ என்று இருக்கிறது. ‘கொன்றார்’ என்று இல்லை. ‘இங்கே விழுந்தான்’ என்று இல்லை. ‘இங்கே புதைக்கப்பட்டான்’ என்றும் இல்லை. ‘இவ்விடத்தில்’ என்றுகூடச் சொல்லாமல் ‘அண்மையில்’ என்றே சொல்கிறது. பலர் இந்தக் கல்லைக் கண்டிருக்கிறார்கள்; பலர் அதன் அருகில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கல்லறை என்று எண்ணிக்கொண்டு வாசித்தால், கல்லில் இல்லாத சாவும் கண்ணுக்குத் தெரியும்.

குருமடத்தில் எமக்கு வேதாகமம் கற்பித்த வயோதிபக் குருவானவர் ஒருவர் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் மூன்று கேள்விகள் கேட்பார்: எழுதினவன் யார்? யாருக்காக எழுதினான்? எதை எழுதாமல் விட்டான்? மூன்றாவது கேள்வியில்தான் நாங்கள் எப்போதும் விழுவோம். அதே மூன்று கேள்விகளையும் இக்கல்லிடம் கேட்டுப் பாருங்கள். எழுதினவர் வென்றவரின் பக்கத்தைச் சேர்ந்தவர். எழுதியது வென்றவரின் புகழுக்காக. முல்லைத்தீவிலிருந்து அதே கப்டன் படகேறிப் போன ஆகஸ்ட் 25ஐப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் கிடையாது. அப்படிப்பட்டவர், எதிரியின் தலைவன் அந்த இடத்தில் இறந்திருந்தால், அதை எழுதாமல் விடுவாரா?

அந்தக் கால ஆங்கிலேயரின் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். 1799 ஒக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மனைக் கயத்தாறில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே தூக்கிலிட்டார்கள். 1801 ஒக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஒரு தலைவன் கையில் அகப்பட்டால் அவனுடைய சாவை ஊரறியச் செய்வதே அவர்கள் முறை. அடுத்தவன் அஞ்ச வேண்டுமே! பண்டாரவன்னியனின் சாவைப் பற்றி அப்படி ஒரு பறைசாற்றல் கிடையாது. பேசாமல் இருப்பதை வைத்து மட்டும் வழக்கைத் தீர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசாதிருப்பதும் ஒருவகைச் சாட்சியே.

இனி அப்பப்பாவின் பக்கத்துச் சாட்சியைக் கேட்போம். 1803க்குப் பின் மன்னார், வன்னிப் பகுதிகளில் வருவாய் அதிகாரியாய் இருந்தவர்களில் ஒருவர் ஜோர்ஜ் டேனர். பின்னாளில் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டேனரின் தந்தை அவர். அக்காலத்து அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களை ஆராய்ந்தவர்கள் கூறுவது இது: கற்சிலைமடுவில் தோற்ற பண்டாரவன்னியன் இறக்கவில்லை, கண்டி எல்லைக் காடுகளுக்குள் பின்வாங்கினான், அங்கிருந்து பல ஆண்டுகள் ஆங்கிலேயருக்குத் தொல்லை கொடுத்து வந்தான், கடைசியில் உடையாவூரில் நடந்த ஒரு சண்டையில் காயப்பட்டு, பனங்காமத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1811ஆம் ஆண்டளவில் அங்கே இறந்தான்.

அதாவது, சின்னப் பையன் எழுதிய வரி.

இரண்டையும் தராசில் வைத்தால் எமக்கு 1811இன் பக்கமே தட்டுத் தாழ்கிறது. ஒருபக்கம், சாவைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு கல். மறுபக்கம், அவனைத் தேடித் திரிந்த அதிகாரிகள் அந்தந்த நாளிலேயே, எவருடைய புகழுக்காகவுமன்றி, தங்கள் தலையிடியைச் சொல்ல எழுதிய கடிதங்கள். செத்தவனைப் பற்றி எந்த அதிகாரியும் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுவதில்லை.

காக்கை வன்னியன் எங்கிருந்து வந்தான்?

அப்படியானால், ‘காக்கை வன்னியன் காட்டிக் கொடுத்தான், அதனால் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் மடிந்தான்’ என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வந்த கதை என்னவாகிறது? குருவிச்சி நாச்சியாரின் காதலும் காக்கை வன்னியனின் வஞ்சகமும் இல்லாமல் வன்னியில் ஒரு கூத்தும் மேடையேறுவதில்லை. முள்ளியவளை தந்த எழுத்தாளர் முல்லைமணி எழுதிய ‘பண்டாரவன்னியன்’ நாடகம் வன்னி மக்களின் வாயில் இக்கதையை நிலைநிறுத்தியது. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதியும் இவ்வீரனை வைத்து ஒரு நாவல் எழுதினார். நாடகத்தை நாடகமாகவும் நாவலை நாவலாகவும் அனுபவிப்பதில் குற்றமொன்றும் இல்லை. நாமும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர்கள்தான்.

ஆனால் ஒரு செய்தி. 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் ஒரு காக்கை வன்னியன் வருகிறான். அவன் காட்டிக் கொடுத்தது பண்டாரவன்னியனையன்று. யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனை. கொடுத்தது ஆங்கிலேயரிடமன்று; பறங்கியரிடம். பண்டாரவன்னியன் எழுவதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முந்திய கதை அது. ஒரே பெயர், ஒரே துரோகம், இரண்டு நூற்றாண்டு இடைவெளி. ஒருவேளை ஒரே பெயரில் இரண்டு துரோகிகள் இருந்திருக்கலாம். எமக்குத் தோன்றுவதோ வேறு: நம் மக்களின் ஞாபகத்தில் காட்டிக்கொடுப்பவனுக்கென்று ஒரு பெயர் தயாராய் இருந்திருக்கிறது, எந்தத் தோல்வி வந்தாலும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு நிறுத்திக் கொள்கிறோம். மூன்று திசையிலிருந்து மூன்று படைகள் வந்தன, துப்பாக்கி அவர்களிடம் மிகுதி, கண்டிப் பக்கத்துத் துணை தளர்ந்துவிட்டது என்று சொன்னால் கதை கசக்கிறது. ஒருவன் வஞ்சித்தான் என்றால் கசப்பு குறைகிறது. பழியைப் போட ஒரு முதுகு கிடைக்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பொய்க்காரணத்தோடு வளரும் பிள்ளை, வாழ்க்கையில் எந்தத் தோல்வி வந்தாலும் முதலில் தன் அயலவனையே சந்தேகத்தோடு பார்க்கப் பழகும். அண்மைக்கால வரலாற்றிலே ‘துரோகி’ என்ற ஒரு சொல் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்பதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு ஆண்டுகள்

சில வாசகர்களுக்கு இது மனவருத்தம் தரலாம். போர்க்களத்தில் மார்பில் குண்டேந்தி விழுந்த வீரன் என்று நம்பியிருந்தோமே, அவன் தப்பிப் பிழைத்துக் காட்டில் திரிந்தான் என்று சொல்கிறீர்களே, இது அவன் புகழைக் குறைப்பதாகாதா என்று கேட்கலாம்.

அந்த எட்டு ஆண்டுகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1803 ஒக்டோபரில் அவனுடைய கோட்டை போயிற்று, படை சிதறியது. ஆங்கிலேயர் வன்னியின் பற்றுகளைத் தங்கள் உடையார்களையும் முதலிமாரையும் வைத்து ஆளத் தொடங்கினார்கள். கண்டி அரசனும் தன் பாட்டைப் பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டான். 1815இல் அவனும் பிடிபட்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். இவற்றுக்கிடையே ஒரு மனிதன் மழைக்காலமும் கோடைக்காலமும், காய்ச்சலும் பட்டினியும் பார்த்து, சரணடையாமல் இருந்திருக்கிறான். கட்டபொம்மனைப் போலப் பலர் கூடிய வெளியில் ஒரு நாள் நிமிர்ந்து நிற்பது பெருமைதான். யாரும் பார்க்காத காட்டில் எட்டு ஆண்டுகள் குனியாமல் இருப்பதற்கு வேறு வகையான நெஞ்சு வேண்டும். எம்மைக் கேட்டால், இரண்டாவதே கடினம் என்போம். இடம்பெயர்ந்து, கூடாரத்தில் பல மழைக்காலங்களைக் கழித்த நம் குடும்பங்கள் இதில் எம்மோடு மாறுபட மாட்டா என்று நினைக்கிறோம்.

அவன் குற்றமற்றவன் என்றும் நாம் சொல்ல வரவில்லை. எல்லைக் காட்டிலிருந்து இறங்கி வந்து தாக்கியபோது, ஆங்கிலேயருக்கு வரி கட்டிய ஏழைக் கமக்காரரின் நெல்லும் மாடும் போயிருக்கக்கூடும். வன்னிமை என்பது குடிகளின் உழைப்பில் நின்ற ஆட்சி; யானை பிடிக்கப் போய்க் காலொடிந்தவனின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வீரன் என்று சொல்வதற்கு ஒருவனைப் புனிதனாக்க வேண்டியதில்லை.

ஒருவனுடைய சாவைப் பற்றி இரண்டு செய்திகள் வழங்குவது நம் வேதாகமத்தை வாசிப்பவர்களுக்குப் புதியதுமன்று. சவுல் அரசன் கெல்போவே மலையில் தன் வாளின்மேல் தானே விழுந்து இறந்தான் என்று சாமுவேல் முதல் ஆகமத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. அடுத்த ஆகமத்தின் முதல் அதிகாரத்திலேயே ஓர் அமலேக்கியன் வந்து, நானே அவரைக் கொன்றேன் என்று தாவீதிடம் சொல்கிறான். எழுதினவர் ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இரண்டையும் விட்டு, சொன்னவன் யார், எதை எதிர்பார்த்துச் சொன்னான் என்று வாசிப்பவனே பார்த்துக்கொள்ளும்படி வைத்தார்.

ஆதலால் கடிதம் எழுதிய தாயாருக்கு எமது பதில்: உங்கள் மகன் எழுதியது வெட்டப்பட வேண்டிய வரி அன்று. ஆனால் ஆசிரியரோடு வாதாடப் போகாதீர்கள். அவர் படித்த புத்தகத்தில் இருந்ததை அவர் சொன்னார். கற்சிலைமடுக் கல்லின் படம் ஒன்றைத் தேடி எடுத்து, பையனையே வகுப்பில் அதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘தோற்கடித்தார்’ என்ற சொல் வந்ததும் ஒரு நொடி நிறுத்தச் சொல்லுங்கள். ஆசிரியமார் நல்ல கேள்வியை மதிப்பவர்கள். மச்சாளிடம், அவள் எழுதிய நாள் நல்ல நாள்தான், சாவு நாள் மட்டும் அன்று என்று பக்குவமாய்ச் சொல்லட்டும். அப்பப்பாவிடம், அவருக்கு இச்செய்தியைச் சொன்னவர் யார் என்று கேட்டு எழுதி வைக்கவும் மறக்க வேண்டாம்.

பனங்காமம், மூன்றுமுறிப்பு, நட்டாங்கண்டல் பகுதிகளில் உள்ள முதியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பண்டாரவன்னியன் இறந்த இடம், எரித்த இடம் என்று உங்கள் பாட்டன் பூட்டன் சுட்டிக் காட்டிய குளக்கட்டோ மரத்தடியோ இருந்தால், யார் சொல்லக் கேட்டீர்கள், எந்த வயதில் கேட்டீர்கள் என்ற விபரத்தோடு எமக்கு எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். எழுத்துப் பிழைகளை நாம் பார்த்துக் கொள்கிறோம்.